கத்திக்காரர் பதில்கள்

(இரண்டு இதழ்களுக்கு முன், நான் வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் பெரிய கத்திகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எல்லாமே மடங்காத கத்திகள், கொல்லர் கையால் அடித்தவை, அலகு ஒரு சாணுக்குக் குறையாதவை. கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.)

தபால்தலை சேர்ப்பவர்களைத் தெரியும், நாணயம் சேர்ப்பவர்களைத் தெரியும். அரிவாள் சேர்க்கும் ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எப்படி ஐயா இந்தப் பைத்தியம் பிடித்தது?
வாசகர், திண்டுக்கல்

லாரிப் பட்டையில் பிடித்தது. பஸ் பணிமனையில் ஸ்பிரிங் செக்‌ஷனில் 31 வருடம் வேலை பார்த்தேன். பஸ்ஸுக்கு அடியில் வில் மாதிரி வளைந்து அடுக்கடுக்காக இருக்குமே, அந்தப் பட்டைகளில் உடைந்ததைக் கழற்றிப் புதிதை மாட்டுவதுதான் வேலை. கழித்துப் போட்ட பட்டை ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவரிடமிருந்து சுமந்துகொண்டு போக திருப்பாச்சேத்திப் பக்கமிருந்து ஒரு கொல்லர் வருவார். 1986-ல் ஒரு நாள் தினசரித் தாளில் சுற்றி ஓர் அரிவாளைக் கொண்டுவந்து நீட்டினார். "நீங்க கழட்டின பட்டைதான் சார்" என்றார். நான் நம்பவில்லை. திருப்பிக் காட்டினார். பிடிக்கு இரண்டு விரற்கடை மேலே, முதுகோரத்தில், பிறை மாதிரி ஒரு சின்ன வெட்டு. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டை அது. பாதியை அடித்து மறைத்துவிட்டு, மீதிப் பாதியை எனக்காகவே விட்டு வைத்திருந்தார்.

அன்றைக்கு அவர் கேட்ட ஒரு கேள்வி இன்று வரை கூடவே வருகிறது. "இதை வச்சு என்ன வெட்டப் போறீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வேறு மாதிரி அடித்திருப்பேன் என்றார்.

இப்போது 43 இருக்கின்றன.

என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். டேராடூனிலிருந்து ஒரு குக்ரி, அதாவது நேபாளத்து வளைகத்தி, வாங்கி வந்தான். நம்ம ஊர் அரிவாள் பெரிதா, குக்ரி பெரிதா என்று வீட்டில் தினமும் சண்டை. தீர்ப்பு சொல்லவும்.
வாசகர், வேலூர்

உங்கள் வீட்டுச் சண்டையை என் வீட்டிலும் போட்டுப் பார்த்தாயிற்று. என் மைத்துனர் தோப்பில், ஒரே நாளில், ஒரே ஆள் கையில். ஆள் நான்தான், அப்போது வயது 58. ஆகவே இந்தத் தீர்ப்பில் என் தோள்பட்டை வலியும் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. என்னிடம் உள்ள குக்ரிக்கு அலகு 10½ அங்குலம், எடை 620 கிராம், பிடியருகே முதுகு 9 மில்லிமீட்டர். அரிவாளுக்கு அலகு 14 அங்குலம், எடை 780 கிராம், முதுகு 6 மில்லிமீட்டர். அரிவாள் நீளம், ஆனால் ஒல்லி. குக்ரி குட்டை, ஆனால் குண்டு. அந்தக் குண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குக்ரியின் முதுகு நடுவில் உடைந்த மாதிரி கீழே வளைகிறது. வளைவுக்கு அப்பால் வயிறு அகலமாகி எடை முழுவதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஓங்கும்போது சுத்தியலை ஓங்குகிற மாதிரி இருக்கும், இறங்கும்போது கத்தியாக இறங்கும்.

மணிக்கட்டுப் பருமன் சீமைக் கருவேலம், காய்ந்தது. குக்ரிக்கு 5 வெட்டு, அரிவாளுக்கு 7. மகன் ஜெயித்தான் என்று எழுந்து போய்விடாதீர்கள். அடுத்தது முள் வேலி. அரிவாளின் வளைந்த மூக்கை உள்ளே விட்டுக் கிளையைக் கொக்கி போட்டு இழுத்து, இழுத்த இழுப்பிலேயே அறுத்துவிடலாம். குக்ரியோடு கையை உள்ளே விட்டேன், முழங்கை வரை கீறல். மூன்றாவதாக இளநீர். அரிவாள் மெல்லிசு, சீவிக்கொண்டு போகும். குக்ரி ஆப்பு மாதிரி இறங்கி ஓட்டைப் பிளந்துவிட்டது, தண்ணீர் முழுக்க என் வேட்டியில்.

ஆக, நேபாள மலையில் விறகு வெட்டப் பிறந்த கத்தி அது. முள்ளும் தென்னையும் உள்ள ஊரில் பிறந்தது இது. இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால் எந்த மரத்தடியில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

குக்ரியில் எனக்குப் பிடித்தது அதன் தோய்ச்சல். உலையிலிருந்து எடுத்த அலகை அப்படியே தண்ணீரில் முக்காமல், கெண்டியிலிருந்து தண்ணீரைக் கத்தியின் வெட்டும் வாய் ஓரமாக மட்டும், வளைவு தொடங்கும் இடத்திலிருந்து நுனி நோக்கி ஊற்றிக்கொண்டே போவார்கள். வாய் மட்டும் சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படும், முதுகு மெதுவாக ஆறி மிருதுவாக நிற்கும். அடி தாங்குவது முதுகு, வெட்டுவது வாய். ஒரு சின்ன அரத்தை எடுத்து மகனுடைய குக்ரியின் முதுகில் லேசாக இழுங்கள், பிடிக்கும். வாயோரத்தில் இழுங்கள், வழுக்கும். வழுக்கினால் மகன் நல்ல கத்திதான் வாங்கியிருக்கிறான். முதுகிலும் வாயிலும் ஒரே மாதிரி பிடித்தால் அது சுவரில் மாட்ட மட்டும்.

குக்ரியின் பிடிக்கு மேலே ஒரு சின்னப் பிளவு இருக்கிறதே, எதற்கு? உறையிலிருந்து உருவினால் ரத்தம் பார்க்காமல் உள்ளே வைக்கக் கூடாதாமே?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

ரத்தக் கதை சுத்தப் பொய். குக்ரியால் வெங்காயம் நறுக்குகிறார்கள், விறகு பிளக்கிறார்கள், ஆட்டுக்கறி வெட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் விரலைக் கீறிக்கொண்டால் 1815 முதல் இருந்துவரும் கூர்க்காப் படையில் யாருக்கும் விரல் மிஞ்சியிருக்காது.

அந்தப் பிளவுக்கு நேபாளியில் 'சோ' என்று பெயர். பசுவின் குளம்பு என்பார்கள், சிவனின் சூலம் என்பார்கள், வழிந்து வரும் ஈரம் கைப்பிடிக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும் என்பார்கள். எனக்கு அந்தக் குளம்பு போதும். கூடவே உறையில் இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கும். கூராக உள்ளது 'கர்தா', சில்லறை வேலைக்கு. மொட்டையாக உள்ளது 'சக்மக்', பெரிய கத்தியின் வாயைத் தடவிச் சரிசெய்யவும் சிக்கிமுக்கிக் கல்லில் தட்டி நெருப்பெடுக்கவும். பலர் மொட்டையாக இருக்கிறதே என்று அதைச் சாணை பிடித்துவிடுகிறார்கள். வேண்டாம்.

கையால் அடித்த கத்தியா, மிஷினில் தகட்டை வெட்டியெடுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரர் எல்லாமே கையால் அடித்தது என்றுதான் சொல்கிறார்.
வாசகர், பொள்ளாச்சி

கடைக்காரரிடம் பேசாதீர்கள், முதுகிடம் பேசுங்கள். கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பிடிப் பக்கமிருந்து நுனி நோக்கி முதுகை மட்டும் பாருங்கள். கையால் அடித்ததில் முதுகு பிடியருகே தடித்து, போகப் போக மெலியும். 7 மில்லிமீட்டரில் தொடங்கி நுனியருகே 3-க்கு வரும். தகட்டில் வெட்டியது தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே தடிமன். தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பர் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நான் ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நோட்டில் எழுதுவது இவைதான்: அலகு நீளம், எடை, மூன்று இடத்தில் முதுகுத் தடிமன், அப்புறம் தராசுப் புள்ளி. கத்தியை ஒரு விரலின் மேல் குறுக்கே வைத்தால் எந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறதோ அது. பிடி முடியும் இடத்திலிருந்து அதுவரை எத்தனை விரற்கடை என்று குறித்துக்கொள்வேன். 2 விரற்கடைக்குள் நின்றால் கைக்கு அடங்கிய கத்தி, நாள் முழுக்கப் பிடிக்கலாம். 5, 6 என்று போனால் வெட்டு கனமாக விழும், ஆனால் அரை மணியில் மணிக்கட்டு கேள்வி கேட்கும். இந்த நாலு எண்ணும் இருந்தால், இரண்டு கத்திகளைப் பார்க்காமலே ஒப்பிட்டுப் பேசலாம். போட்டோவை வைத்து எதுவும் பேச முடியாது.

ஆன்லைனில் 'டமாஸ்கஸ்' கத்தி ஒன்று 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். அலை அலையாகக் கோடு இருக்கிறது. திப்பு சுல்தான் காலத்து எஃகு என்று போட்டிருந்தது. உண்மையா?
வாசகர், தாம்பரம்

கோடு உண்மையாக இருக்கலாம். காலம் உண்மையில்லை.

இன்றைக்கு டமாஸ்கஸ் என்று விற்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் பழுக்கவைத்து அடித்து ஒட்டி, மடித்து, மறுபடி அடித்தது. ஒரு வகையில் நிக்கல் இருக்கும். கடைசியில் ஆசிடில் போட்டால் நிக்கல் உள்ள அடுக்கு பளபளவென்று நிற்கும், மற்றது கறுக்கும். அதுதான் அலை. நல்ல கொல்லர் செய்தால் நல்ல கத்திதான். 1973-ல் பில் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர் இப்படிச் சில கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் அங்கே இந்த மோகம் கிளம்பியது.

பழைய சங்கதி வேறு, அது நம்ம பக்கத்துச் சரக்கு. இரும்பையும் மரத்துண்டு, இலை இவற்றையும் மூசை என்ற மண் குடுவையில் போட்டு, வாயை அடைத்து, உருக்கி, மெதுவாக ஆறவிட்டு எடுத்த உருக்கு. ஈரோடு பக்கம் கொடுமணலில் தோண்டியபோது அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்தன. ஆங்கிலத்தில் இதை 'வூட்ஸ்' என்பார்கள், கன்னடத்து 'உக்கு'தான் அப்படித் திரிந்தது என்று சொல்வதுண்டு. 1795-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் பியர்சன் என்பவர் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்திருக்கிறார். மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்துக்குப் பேர்போன அதே ஃபாரடே, 1820 வாக்கில் ஒரு கத்தி செய்பவரோடு சேர்ந்து இந்த உருக்கைப் போல் செய்யப் பார்த்தார். அந்தக் கட்டியில் அடித்த வாளில் வரும் கோடு ஒட்டி மடித்ததால் வருவதில்லை, உருக்குக்குள்ளேயே கார்பன் வரிசை வரிசையாக உறைந்து வருவது. இரும்புத் தாதுவில் ஒட்டிக்கொண்டு வந்த துளி வனேடியம் என்ற உலோகம்தான் அந்த வரிசையைப் பிடித்து வைக்கிறது என்று 1998-ல் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து காட்டினார்கள். பேராசிரியரும் கொல்லரும் ஒரே கட்டுரையில் பெயர் போட்டது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

உங்கள் கத்திக்கு ஒரு சோதனை. பிடியருகே முதுகில் அரை அங்குலம் மட்டும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். கோடு போய்விடும், பயப்படாதீர்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவி அரை மணி விடுங்கள். மங்கலாகவாவது கோடு திரும்பி வந்தால் அடுக்கு நிஜம். வரவே இல்லை என்றால் மேலே வரைந்த கோலம்.

தாத்தா பேராக்கில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் வைத்திருந்த கத்தி எங்களிடம் இருக்கிறது. பாராங் கத்தி என்று நான் சொல்கிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த கொடுவாள் என்று அண்ணன் சொல்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன்.
வாசகி, ஈப்போ, மலேசியா

பாராங்தான் அம்மா, மலாய்க்காரர்களின் காட்டுக்கத்தி. கொடுவாளுக்கு மூக்கு முன்னே வளைந்து நிற்கும். உங்கள் கத்தியில் மூக்கே இல்லை. பிடியிலிருந்து போகப் போக அகலமாகி, நுனியருகே சட்டென்று சரிந்து முடிகிறது. பிடியும் அலகும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை பாருங்கள், பிடி சற்றுக் கீழே தாழ்ந்திருக்கிறது. ஈரக் காட்டில் நீர் நிறைந்த பச்சைத் தண்டுகளை நடந்துகொண்டே வீசி வெட்டும் கத்தி.

அண்ணனுக்கும் கொஞ்சம் ஆறுதல் சொல்லலாம். பிடி, படத்தில் தெரிந்த வரை, பின்னால் மாற்றியது. பித்தளைப் பூண் போட்டிருக்கிறது, கட்டை அலகை விடப் புதிது. தாத்தா தன் கைக்குத் தோதாகத் தானே செதுக்கியிருக்கலாம். பெருவிரல் படும் இடத்தில் பள்ளம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து எழுதுங்கள்.

என் மகள் டெக்சஸில் இருக்கிறாள். அங்கே ஒரு கத்திக் கண்காட்சியில் 'பூவி' கத்தி ஒன்று பார்த்தாளாம், விலை 1,200 டாலர். அலகில் கொல்லர் பெயரும் பக்கத்தில் இரண்டு எழுத்தும் இருந்ததாம். அந்த எழுத்துக்கா அவ்வளவு காசு?
வாசகர், காரைக்குடி

ஆமாம், பாதிக் காசு அந்த எழுத்துக்குத்தான். அந்த எழுத்து சும்மா கிடைப்பதில்லை.

ஜிம் பூவி என்பவர் 1827-ல் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த கைகலப்பில் பெரிய கத்தியோடு சண்டை போட்டுப் பெயர் வாங்கினார். 1836-ல் அலாமோ கோட்டையில் செத்தார். அவர் கையில் இருந்த கத்தி சரியாக எப்படி இருந்தது என்று இன்றும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கத்தியின் புகழ் ஆளைவிடப் பெரிதாகிவிட்டது.

இரண்டெழுத்து, அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் தருவது. 1976-ல் தொடங்கியது. 'ஜே.எஸ்.' என்றால் தேர்ந்த கொல்லர், 'எம்.எஸ்.' என்றால் ஆசான். முதல் பட்டத்துக்கே ஒரு பரீட்சை வைப்பார்கள். தான் அடித்த ஒரே கத்தியால், இடையில் தீட்டாமல், நாலும் செய்ய வேண்டும். காற்றில் தொங்கும் 1 அங்குலத் தடிமன் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். 2-க்கு 4 அங்குல மரச்சட்டத்தை இரண்டு தடவை துண்டாக வெட்ட வேண்டும். வெட்டி முடித்த அதே வாயால் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் வைஸில் மாட்டி 90 டிகிரி வளைப்பார்கள், உடையக் கூடாது. கத்தி மொத்தம் 15 அங்குலத்துக்கும், அலகு 10 அங்குலத்துக்கும் மேல் போகக் கூடாது என்றும் விதி. நீளத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது.

இந்தப் பரீட்சையில் இருக்கும் புத்தியைப் பாருங்கள். கயிறு கூர்மையைக் கேட்கிறது. சட்டம் பலத்தைக் கேட்கிறது. முடி, அவ்வளவு அடிக்கும் பிறகு கூர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறது. வளைப்பது தோய்ச்சலையும் பதத்தையும் கேட்கிறது. ஒரு கத்தியிடம் இதற்கு மேல் கேட்க எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் அரிவாளை வைத்து தேங்காய்நார்க் கயிற்றில் முதல் பாகத்தைச் செய்து பார்த்தேன். முதல் வீச்சில் கயிறு ஊஞ்சல் ஆடியது. இரண்டு நாள் தீட்டிவிட்டு வந்தபோது அறுந்தது. கொடிக்கம்பியும் சேர்த்து அறுந்ததை இங்கே எழுத வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு.

பரணில் அப்பாவின் அப்பா வைத்திருந்த வெட்டுக்கத்தி கிடைத்தது. முழுக்கத் துரு. கிரைண்டரில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கிவிடலாமா?
வாசகர், மார்த்தாண்டம்

கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். காரணம் என் வீட்டில் 17-ம் எண் கத்தி.

குடகில் ஒரு பழைய சாமான் கடையில் ஒடிக்கத்தி ஒன்று வாங்கினேன். குடகுக்காரர்கள் முதுகுப்பக்கம் இடுப்புக் கச்சையில் 'தொடங்' என்ற பித்தளைக் கொக்கியில் மாட்டிக்கொள்வார்களே, அது. அகன்ற அலகு, முன்னோக்கி வளைந்தது, கூர் உள்வளைவில். கல்யாணத்தில் நட்டு வைத்த வாழைத் தண்டை ஒரே வெட்டில் சாய்க்க அதைத்தான் எடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது கறுத்துப்போய், அங்கங்கே துருவோடு இருந்தது. மதுரைக்கு வந்ததும் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். மறுநாள் கண்ணாடி மாதிரி கொடுத்தார்கள். சந்தோஷமாகத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால், வாயோரம் நாலு விரற்கடை நீளத்துக்கு மயில்கழுத்து நீலம்.

ஸ்பிரிங் செக்‌ஷன்காரனுக்கு அந்த நீலம் என்னவென்று தெரியாதா? எஃகு சூடாகும்போது முதலில் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் ஊதா, அப்புறம் நீலம். நீலம் என்றால் 300 டிகிரியை நெருங்கிவிட்டது, போட்ட தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விட்டது. வாழைத்தண்டில் வைத்துப் பார்த்தேன். வெட்டியது. பக்கத்தில் இருந்த காய்ந்த மட்டையில் பட்டதும் வாய் மடிந்தது. எத்தனை தலைமுறை தாங்கியதோ, என்னிடம் வந்து ஒரு நாள் தாங்கவில்லை. பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பளபளப்பாக்கு என்றேன், ஆக்கினார்.

உங்கள் கத்திக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊற வையுங்கள். சிவப்புத் துருவைச் செம்புக் காசின் ஓரத்தால் சுரண்டுங்கள், செம்பு எஃகைக் கீறாது. அடியில் கறுப்பாகப் படிந்திருப்பதைத் தொடாதீர்கள், இனிமேல் துரு ஏறாமல் தடுப்பது அதுதான். துடைத்து, மெல்லிசாக எண்ணெய் போடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும், தையல் மிஷின் எண்ணெய் நல்லது. தோல் உறைக்குள் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறை தனி, கத்தி தனி. தீட்டுவதென்றால் கல்லில், தண்ணீர் விட்டு, கையால்.

பிடி ஆடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எம்-சீல் அடைக்காதீர்கள். பழைய முறைப்படி அரக்கையும் செங்கல் பொடியையும் கலந்து பிடித் துளையில் நிரப்பி, கத்தியின் வாலை மட்டும் சூடாக்கிச் செருகினால் ஆறியதும் பிடித்துக்கொள்ளும். சூடாக்கும்போது அலகில் ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள். இன்னும் ஐம்பது வருடம் கழித்து யாராவது கழற்ற நினைத்தால் மறுபடி சூடாக்கினால் போதும்.

இத்தனை கத்தி வைத்திருக்கிறீர்களே, போலீஸ் கேட்காதா?
வாசகர், திருச்சி

நான் வக்கீல் இல்லை, படித்ததைச் சொல்கிறேன். ஆயுத விதிகளில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதம் என்ற பட்டியலில் வரும், குக்ரியைப் பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்பது உங்கள் பகுதிக்கு அரசு அறிவிப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை, நான் கேட்டேன். வாங்கிய ரசீதை வைத்திருங்கள். பஸ்ஸில் இடுப்பில் செருகிப் போகாதீர்கள்.

அப்புறம், பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி வீடியோ போட்டுவிட்டு மறுநாள் கைகட்டி நிற்கும் பையன்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கேக் வெட்ட அந்தக் கத்தி சரியே வராது. க்ரீம் முழுக்க அலகில் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?
வாசகி, தஞ்சாவூர்

ஆயுத பூஜை அன்று 43-க்கும் பொட்டு வைப்பது அவர்தான். மற்ற 364 நாளும் சொல்வதைப் பத்திரிகையில் போட முடியாது.

43-ல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது?
வாசகர், சிவகங்கை

போல்ட் ஓட்டை அரிவாள். அதில்தான் இன்றும் இளநீர் சீவுகிறேன். போன வாரம் பூண் கழன்றுவிட்டது. அரக்கு வாங்கி வந்திருக்கிறேன், செங்கல் இடிக்க வேண்டும்.